மெத்தை சுமந்த இரவுகள்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடம் 1895இல் திறக்கப்பட்டது. கட்டியவர் ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட், அன்றைய அமெரிக்கக் கட்டடக் கலையில் மிகப் பெரிய பெயர். கூடத்துக்குள் ஒரு விரிவுரை அரங்கமும் இருந்தது. பார்க்க அழகு. ஆனால் அங்கே பாடம் நடத்த முடியவில்லை. ஆசிரியர் ஒரு சொல்லைச் சொன்னால் அது அடங்க ஐந்தரை வினாடி ஆயிற்று. அதற்குள் அவர் மேலும் பத்துப் பன்னிரண்டு சொற்களைப் பேசியிருப்பார். அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, பின்வரிசை மாணவர் காதில் வெறும் இரைச்சலாக விழுந்தது.

இதற்கு மருந்து அன்று யாரிடமும் இல்லை. அரங்கின் குறுக்கே கம்பிகளை இழுத்துக் கட்டினால் முழக்கம் குறையும் என்று நம்பிப் பல இடங்களில் கட்டியும் வைத்திருந்தார்கள். பயன் எதுவும் இல்லை. ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட், இயற்பியல் துறையின் இளம் ஆசிரியர் ஒருவரைக் கூப்பிட்டு, ஏதாவது செய்ய முடிகிறதா பாருங்கள் என்றார். அவர் வாலஸ் கிளெமென்ட் சபைன். வயது 27. முனைவர் பட்டம் கிடையாது. ஒலியியலில் அதுவரை பெயர் சொல்லும்படி எதுவும் செய்ததும் இல்லை.

பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் இன்னொரு அரங்கம், சாண்டர்ஸ் தியேட்டர், இருந்தது. அதன் இருக்கைகளில் மெத்தைகள் போடப்பட்டிருந்தன. நள்ளிரவில் சபைனும் உதவியாளர்களும் அந்த மெத்தைகளைச் சுமந்து ஃபாக் அரங்கத்துக்குக் கொண்டுவருவார்கள். முதலில் சில மெத்தைகளை விரித்து அளப்பார்கள். பிறகு இன்னும் சில. டிராம் வண்டிகளும் மாணவர் நடமாட்டமும் ஓய்ந்திருக்கும் நேரத்தில் மட்டுமே இந்த வேலை நடக்கும். விடிவதற்குள் மெத்தைகள் மறுபடி தியேட்டருக்குப் போய்விட வேண்டும்.

சபைனிடம் இருந்த கருவிகள் மிகக் குறைவு. சீரான அழுத்தத்தில் காற்று ஊதும் ஓர் ஆர்கன் குழல், நேரத்தைப் பதியும் கருவி, பிறகு அவருடைய காது. குழலை நிறுத்துவார், ஒலி முற்றிலும் மறையும் கணம்வரை கேட்டுக்கொண்டிருப்பார், அந்த இடைவெளியைக் குறித்துக்கொள்வார். ஆயிரக்கணக்கான தடவை இப்படி. தாம் உடுத்தியிருக்கும் கோட்டும் கால்சட்டையும்கூட அளவை மாற்றுகின்றன என்று ஒரு கட்டத்தில் கண்டுபிடித்தார். அதன்பிறகு எல்லா அளவைகளுக்கும் ஒரே உடைதான்.

சாண்டர்ஸ் தியேட்டரின் மெத்தைகள் அனைத்தும் வந்து சேர்ந்தபோது முழக்கம் ஒரு வினாடியை ஒட்டி வந்துவிட்டது. ஆனால் சபைனுக்கு வேண்டியிருந்தது ஓர் அரங்கத்துக்கான வைத்தியம் மட்டும் அல்ல. மெத்தைக்கு நாளாக நாளாகக் குணம் மாறும். ஊருக்கு ஊர் மெத்தை வேறு. உலகெங்கும் ஒன்றாக இருக்கும் ஓர் அலகு தேவைப்பட்டது. திறந்த ஜன்னலை எடுத்துக்கொண்டார். அதன் வழியே வெளியேறிய ஒலி திரும்பி வராது, ஆகவே அது நூற்றுக்கு நூறு உட்கவர்தல். மெத்தை, கம்பளம், மரப்பலகை, சுவர்ப்பூச்சு, உட்கார்ந்திருக்கும் மனிதர் என எல்லாவற்றுக்கும் ‘இத்தனை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம்’ என்று கணக்குப் போட்டார்.

1898 அக்டோபர் 29ஆம் தேதி இரவு, வீட்டில் தம் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எண்கள் ஒழுங்குக்கு வந்தன. முழக்க நேரத்தையும் உட்கவர்தலையும் வரைபடமாக்கினால் வரும் கோடு ஓர் அதிபரவளையம் என்று கண்டு, அம்மாவிடம் போய் உற்சாகமாகச் சொன்னாராம். கணக்கு எளியது. அறையின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161 ஆல் பெருக்கி, மொத்த உட்கவர்தலால் வகுத்தால், ஒலி அடங்க எத்தனை வினாடி ஆகும் என்பது கிடைக்கும். பள்ளிப் பாடப்புத்தகம் எதிர்முழக்கம் என்று சொல்லும் நிகழ்வுக்கு முதன்முறையாக ஒரு வாய்ப்பாடு அமைந்தது.

சார்லஸ் நதிக்கு அக்கரையில், பாஸ்டனில், அப்போது ஒரு புதிய இசையரங்கத்துக்குத் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து அரங்கம் ஒன்றை முன்மாதிரியாக வைத்து, அதைப் பெரிதாக்கிக் கட்ட நினைத்திருந்தார்கள். அப்படியே எல்லாத் திசையிலும் பெரிதாக்கினால் முழக்கம் மிஞ்சிவிடும் என்று சபைன் கணக்கோடு காட்டினார். செங்கல்லை அடுக்குமுன்பே ஓர் அரங்கத்தின் ஒலியை எண்ணாகச் சொன்னது அதுவே முதல்முறை. 1900 அக்டோபர் 15இல் பாஸ்டன் சிம்பொனி ஹால் திறக்கப்பட்டது. அவர் முன்கூட்டிச் சொன்ன எண் 2.31 வினாடி. பின்னாளில் நவீனக் கருவிகள் அளந்ததோ அதைவிடக் குறைவு, இரண்டு வினாடிக்கும் கீழே. எண் சற்று விலகினாலும் உலகின் மிகச் சிறந்த இசையரங்கங்களின் வரிசையில் அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

சபைன் செய்த இன்னொரு சோதனையை வீட்டில் பாட்டுக் கேட்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். பாஸ்டனின் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் பியானோ கற்பிக்கும் சிறிய அறைகள் இருந்தன. இசைக்கலைஞர்கள் சிலரை அங்கே உட்கார வைத்து, ஐந்து அறைகளில் பியானோ வாசிக்கச் செய்து, மெத்தைகளை ஒவ்வொன்றாகக் கூட்டியும் குறைத்தும் வந்தார். எப்போது நன்றாக இருக்கிறது என்று மட்டும் அவர்கள் சொல்ல வேண்டும். எண் எதுவும் அவர்களுக்குத் தெரியாது. பிறகு கணக்கிட்டுப் பார்த்தால், ஐந்து அறைகளிலும் அவர்கள் நன்று என்று சொன்ன இடத்தில் முழக்கம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது: சராசரி 1.08 வினாடி. ரசனைக்கு இவ்வளவு துல்லியம் உண்டா என்று அவரே வியந்து 1906இல் எழுதினார். சிறிய அறையில் இசை எப்படி ஒலிக்க வேண்டும் என்ற கேள்விக்கு வந்த முதல் அறிவியல் பதில் அது. வீட்டுக் கூடத்துக்கும் வழிகாட்டக்கூடிய பதில். ஆனால் அது வீட்டுக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஏன் அவ்வளவு தாமதம்? சபைனின் வாய்ப்பாடு தேவாலயங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும், பிறகு வானொலி நிலையங்களுக்கும் பேசும்பட அரங்குகளுக்கும் போனது. ஒலியை உறிஞ்சும் ஓடுகளும் கம்பளிப் பலகைகளும் ஒரு தனித் தொழிலாக வளர்ந்தன. 1919 ஜனவரியில் ஐம்பது வயதில் சபைன் இறந்தபோது, அவருக்காகவே இல்லினாய் மாநிலத்தில் ஓர் ஒலியியல் ஆய்வுக்கூடம் கட்டப்பட்டிருந்தது. வீடுகளில் மட்டும் யாரும் அறையைப் பற்றிப் பேசவில்லை. காரணம், கிராமபோன். புனலுக்குள் பாடிப் பதிந்த அந்தக் காலத்து இசைத்தட்டில் தாழ்ந்த ஒலிகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அறையின் மிகக் கெட்ட குணங்கள் தாழ்ந்த ஒலியில்தான் வெளிப்படும். அவற்றை எழுப்பும் வலு அன்றைய பெட்டிக்கு இல்லை.

விற்பனைக்காரர்களும் அறையை மறைத்தே வைத்தார்கள். எடிசன் நிறுவனம் 1915 முதல் ஊர் ஊராக ஒரு காட்சி நடத்தியது. மேடையில் ஒரு பாடகி, பக்கத்தில் எடிசனின் ஃபோனோகிராஃப். விளக்கை அணைப்பார்கள். பாடகி எப்போது நிறுத்தினார், இசைத்தட்டு எப்போது தொடர்ந்தது என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை என்பதே விளம்பரம். பாடகியர் தம் குரலைக் கருவிக்கு ஏற்றபடி அடக்கிப் பாடியதும் உண்டு. அதைவிட முக்கியமான உதவியைச் செய்தது அந்த அரங்கம். குரலுக்கும் பெட்டிக்கும் ஒரே முழக்கத்தை அது பூசிவிட்டது. அதே பெட்டியை வாங்கியவர் தம் வரவேற்பறைக்குக் கொண்டுபோனதும் அந்த அரங்கம் கூட வரவில்லை.

1925இல் மின்சார ஒலிப்பதிவு வந்தது. தாழ்ந்த ஒலிகள் இசைத்தட்டில் ஏறின. அன்று முதல் வீட்டுச் சுவர்களும் வாய் திறந்தன.

அந்தச் சுவர்களை எதிர்க்காமல் வேலைக்கு எடுத்துக்கொண்டவர் பால் கிளிப்ஷ். அர்கான்சாஸ் மாநிலத்து ஹோப் என்ற சிற்றூரில் 1946 முதல் அவர் தயாரித்த கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கரை அறையின் மூலையில்தான் வைக்க வேண்டும். தாழ்ந்த ஒலிக்கு மிக நீண்ட புனல் தேவை. வீட்டில் அதற்கு இடம் ஏது? பெட்டிக்குள் மடித்து வைத்த புனலின் கடைசிப் பகுதியாக மூலையின் இரு சுவர்களையே அவர் பயன்படுத்தினார். வீட்டின் கட்டுமானமே கருவியின் உறுப்பானது.

இதற்குள் சபைனின் ஊர், ஹார்வர்டு இருக்கும் கேம்பிரிட்ஜ், மறுபடி முன்னுக்கு வந்துவிட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஹார்வர்டில் லியோ பெரானெக், நாலு சுவரிலும் கூரையிலும் தரையிலும் கண்ணாடியிழை ஆப்புகள் பொருத்திய, எதிரொலியே இல்லாத ஓர் அறையைக் கட்டினார். அதே கேம்பிரிட்ஜ் நகரத்து எம்.ஐ.டி.யில் ஃபிலிப் மோர்ஸும் ரிச்சர்ட் போல்ட்டும், செவ்வக அறைக்குள் ஒலியலைகள் எப்படி நிற்கின்றன என்று 1944இல் விரிவாக எழுதினார்கள். சபைனின் வாய்ப்பாடு ஒலி அறையெங்கும் சமமாகப் பரவியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. பெரிய அரங்கத்தில் அது சரி. சிறிய அறையில், தாழ்ந்த ஒலிக்கு, அது பொய்த்துப்போகும். அலையின் நீளமும் அறையின் நீளமும் நெருங்கிவிடுவதால், சுவருக்கும் சுவருக்கும் இடையே அலை நிலைத்து நின்றுவிடுகிறது. ஓரிடத்தில் பெருகும், நாலடி தள்ளிக் காணாமல் போகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக உள்ள அறை எல்லாவற்றிலும் மோசம்; மூன்று திசையிலும் ஒரே ஸ்வரம் நிற்கும். எந்த விகிதத்தில் அறை அமைந்தால் இந்த ஸ்வரங்கள் சீராகப் பிரிந்து நிற்கும் என்று போல்ட் 1946இல் கணக்கிட்டுக் காட்டினார்.

வரவேற்பறையை உண்மையில் மாற்றியது ஒரு சின்னப் பெட்டி. 1954இல் எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் கேம்பிரிட்ஜில் அக்கௌஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கி, ஏ.ஆர்.-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார்கள். அதுவரை தாழ்ந்த ஒலி, அதாவது பாஸ், நன்றாக வேண்டுமானால் பீரோ அளவு பெட்டி வேண்டும். வில்ச்சர், காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாக வேலை செய்ய வைத்தார். ஸ்பீக்கர் புத்தக அலமாரிக்குள் ஏறிக்கொண்டது. 1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டு பரவத் தொடங்கியபோது இரண்டு பீரோக்களை வீட்டில் வைக்க எத்தனை குடும்பங்கள் சம்மதித்திருக்கும்? சின்னப் பெட்டி இல்லாவிட்டால் ஸ்டீரியோ அவ்வளவு வேகமாக வீடுகளுக்குள் நுழைந்திருக்காது. இன்னொரு விளைவையும் யாரும் எதிர்பார்க்கவில்லை. தூக்கி நகர்த்தக்கூடிய ஸ்பீக்கர் கைக்கு வந்ததும், அலமாரியில் ஒருவிதமாகவும் தரையில் ஒருவிதமாகவும் மூலையில் வேறுவிதமாகவும் அது பாடுவதை ஜனங்கள் தாங்களே கண்டுகொண்டார்கள். அறைக்கு ஒரு குரல் உண்டு என்பது புத்தகம் படிக்காதவர்களுக்கும் தெரிந்தது.

அதே நகரத்தில் அதே ஆண்டுகளில் இன்னொருவர் ஏமாற்றத்தோடு ஸ்பீக்கர் கேட்டுக்கொண்டிருந்தார். அமர் போஸ். தந்தை நோனி கோபால் போஸ், ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துச் சிறை கண்டு, 1920இல் அமெரிக்காவுக்குத் தப்பி வந்த வங்காளி. மகன் 1956இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் முடிக்கும் சமயம், தமக்கே பரிசாக ஒரு ஹை-ஃபை வாங்கினார். விவரப் பட்டியலில் எண்கள் பிரமாதம். வயலின் மட்டும் வயலினாக இல்லை. எங்கே தவறு என்று தேடி அவர் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று பாஸ்டன் சிம்பொனி ஹால். அங்கே கேட்பவர் காதை அடையும் ஒலியில் பெரும்பங்கு மேடையிலிருந்து நேராக வருவதில்லை, சுவரிலும் கூரையிலும் பட்டுத்தான் வருகிறது என்பதைப் பிடித்துக்கொண்டார். 1968இல் வந்த போஸ் 901 ஸ்பீக்கரில் ஒன்பது ஒலிக்கூம்புகள். முன்பக்கம் ஒன்று. மற்ற எட்டும் பின்சுவரைப் பார்த்திருந்தன.

ஆக, சபைன் ஒலிக்கணக்குப் போட்டுக் கொடுத்த அரங்கத்தின் எதிரொலிப்பை வீட்டுக்குள் கொண்டுவரும் முயற்சி அது. துணிச்சலான யோசனைதான். இருந்தாலும் அதில் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. பெரானெக் உலகின் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரங்கங்களை ஆராய்ந்து 1962இல் வெளியிட்ட நூலில், நேரொலிக்கும் முதல் எதிரொலிப்புக்கும் இடையே உள்ள நேரம் மிக முக்கியம் என்று சொல்லியிருந்தார். சிம்பொனி ஹாலில் அது சுமார் 15 மில்லி வினாடி. அந்த நேரத்தில் ஒலி ஐந்து மீட்டர் போய்விடும். சுவருக்கு ஓரடி முன்னால் வைத்த ஸ்பீக்கரில் அது இரண்டு மூன்று மில்லி வினாடிக்குள் வந்துவிடுகிறது. எதிரொலிப்பின் அளவை வீட்டுக்குக் கொண்டுவரலாம். அது பிந்தி வரும் நேரத்தைக் கொண்டுவர, அரங்கத்தின் அகலம் வீட்டில் இல்லை.

901 பெருவெற்றி பெற்றது, வழக்கிலும் மாட்டியது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 1970இல் அதைச் சோதித்து, வாத்தியங்கள் இயல்புக்கு மீறிப் பெருத்துக் கேட்கின்றன, அறைக்குள் அலைகின்றன என்ற பொருளில் எழுதியது. போஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. வாத்தியங்கள் அறை முழுவதும் அலைந்தனவா, அல்லது இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே சுவரோரமாக மட்டும் நகர்ந்தனவா? விசாரணை நீதிமன்றம் இதையே ஆராய்ந்து, பத்திரிகை எழுதியது தவறு என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. கடைசியில் 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், பத்திரிகையின் பக்கம் நின்றது. தீர்ப்பு பேச்சுரிமை பற்றியது. சட்டம் படிப்பவர்கள் அதை அப்படித்தான் படிக்கிறார்கள். ஆனால் வரவேற்பறைச் சுவரில் பட்டுத் திரும்பும் வயலின் ஒலி எங்கிருந்து வருவதாகத் தோன்றுகிறது என்ற கேள்வி, ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போன சம்பவம் வேறு எங்கும் இருக்குமா என்பது சந்தேகம்.

இதற்கிடையே அறையொலி பற்றிய ஆராய்ச்சி வேகம் பிடித்தது. மான்ஃபிரெட் ஷ்ரோடர் 1970களில், எண் கோட்பாட்டிலிருந்து எடுத்த வரிசைப்படி வெவ்வேறு ஆழக் குழிகள் கொண்ட பலகைகளை அமைத்து, ஒலியை விழுங்காமலே சிதறடிக்கலாம் என்று காட்டினார். ஒலிப்பதிவுக் கூடங்கள் அதை எடுத்துக்கொண்டன. வீடுகளுக்கும் சிறு அளவில் வந்தது. கனடாவில் ஃபிளாய்ட் டூல், கேட்பவருக்கு எந்த ஸ்பீக்கர் என்று தெரியாதபடி திரைக்குப் பின்னால் வைத்துச் சோதித்துச் சோதித்து, பக்கச் சுவரின் எதிரொலிப்பைப் பலர் வெறுப்பதில்லை, விரும்பவும் செய்கிறார்கள் என்றார். எல்லாச் சுவரையும் பஞ்சால் மூடுவது சரியான வழி அல்ல என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சபைனின் கணக்கை நம்மூர் ஹாலுக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். கன அளவு சுமார் 51 கன மீட்டர், உட்பரப்பு சுமார் 84 சதுர மீட்டர். டைல்ஸ் தரையும் சிமென்ட் பூச்சும் கான்கிரீட் கூரையும் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குபோலத்தான் விழுங்கும். மொத்தமும் சேர்ந்து இரண்டரை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். முழக்கம் மூன்று வினாடிக்கு மேல் வருகிறது. புது வீட்டில் சாமான் இறக்குவதற்குமுன் பேசினால் கணீரென்று முழங்குவது இதனால்தான். இதை அரை வினாடிக்குக் கொண்டுவர 16 சதுர மீட்டர் வேண்டும். உட்கார்ந்திருக்கும் ஒருவர் சுமார் அரை சதுர மீட்டர். வெளியே பார்த்துத் திறந்திருக்கும் வாசற்கதவு ஏறக்குறைய இரண்டு. துணிச் சோபா, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை, சுவரோரம் சாய்த்த இலவம்பஞ்சு மெத்தை ஆகியவை மீதியைக் கொடுக்கும். பழைய முற்றம் வைத்த வீடுகளில் இந்தக் கவலையே இருந்திருக்காது. பத்தடிக்குப் பத்தடி வானம் பார்த்த முற்றம் ஒன்றே ஒன்பது சதுர மீட்டர் திறந்த ஜன்னல்.

இது நடு ஒலிகளுக்கும் உச்ச ஒலிகளுக்கும் உள்ள கதை. ஜமுக்காளத்தை விரித்துவிட்டு பாஸும் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், சுவரை ஒட்டிய பஞ்சு அதை நன்றாகப் பிடிக்க, அலைநீளத்தில் கால்பங்காவது, அதாவது 85 சென்டிமீட்டர் ஆழம் தேவைப்படும். மெல்லிய விரிப்பு மேல் ஒலிகளை மட்டும் தின்றுவிட்டுக் கீழ் ஒலிகளை அப்படியே விட்டுவிடும், பாட்டு மந்தமாகிவிடும். இதே ஹாலின் நீளவாக்கில் சுமார் 38 ஹெர்ட்ஸிலும் அகலவாக்கில் 47 ஹெர்ட்ஸிலும் அலைகள் நிற்கும். ஸ்பீக்கரை மூலையில் தள்ளினால் இரண்டும் முழு வேகத்தில் எழும். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் அந்தச் சுவரில் மோதி நிற்கும் அலை பெருகிக் கேட்கும்; ஹாலின் நட்டநடுவில் உட்கார்ந்தால் இரண்டுமே காணாமல் போகும். அதனால் நாற்காலியைப் பின்சுவரிலிருந்து நாலைந்து அடி முன்னால் இழுத்துப் போட்டு, பழக்கமான ஒரு கச்சேரிப் பதிவை ஓடவிட்டு, மிருதங்கத்தின் தொப்பி ஒலி வீங்காமலும் தேயாமலும் கேட்கும் இடம் வரும்வரை அரையடி அரையடியாக நகர்த்திப் பார்க்க வேண்டும்.